தலையில் அடிபட்டவரை முதலில் எங்கே கொண்டு போவது? காங்கயம், வெள்ளகோவில் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கங்க. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் வெள்ளகோவிலுக்கும் காங்கயத்துக்கும் நடுவில், கரூர்–கோவை ரோட்டில் இருந்து 3 கிலோமீட்டர் உள்ளே. என் தாய்மாமாவுக்கு 54 வயது. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில் சந்தையில் முருங்கைக்காய் போட்டுவிட்டுப் பொழுதோடு மொபட்டில் திரும்பியிருக்கிறார். பின்னால் வந்த வண்டி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. மணி 6.50. ஹெல்மெட் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ரோட்டோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். தலையில் பின்பக்கம் கிழிந்து ரத்தம் வந்தது. "எனக்கொண்ணும் இல்ல கண்ணு, காய் வித்த பணம் அங்கராக்குல இருக்குது, எடுத்து வை" என்றார். அந்த வழியாக வந்த ஒரு காரில் ஏற்றி, இருப்பதிலேயே பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். 7.15-க்குச் சேர்ந்துவிட்டோம். தையல் போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், முன்பணம் கட்டச் சொன்னார்கள். டாக்டர் வருவார் என்று காத்திருந்தோம். எட்டு மணிக்கு மேல் மாமா அசந்து தூங்கினார். களைப்பு, தூங்கட்டும் என்று அத்தை போர்வை போர்த்திவிட்டார். 8.30-க்கு இரண்டு முறை வாந்தி. அப்புறம்தான் "இங்க ஸ்கேன் இல்லீங்க, வேற எடத்துக்குக் கொண்டு போயிருங்க" என்றார்கள்.

8.50-க்குக் கிளம்பி 9.20-க்கு இரண்டாவது ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள், மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். ஆனால் அன்று ராத்திரி மூளை அறுவை டாக்டர் இல்லை. அவருக்குப் போன் போட்டு, அப்புறம் பெட் கேட்டு வேறு எங்கெங்கோ போன் போட்டு, 10.20-க்கு அங்கிருந்து கிளம்பி 11.30-க்குக் கோவை. நடுராத்திரி தாண்டித்தான் ஆபரேஷன். அங்கே இருந்த இளம் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இத்தனை நேரம் எங்கீங்க இருந்தீங்க?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு பேப்பரில் எழுதிப் பார்த்தேன். 6.50-ல் இருந்து 11.30 வரை 4 மணி 40 நிமிடம். அதில் வண்டியில் போனது 2 மணி 5 நிமிடம். மீதி 2 மணி 35 நிமிடம் இரண்டு ஆஸ்பத்திரியின் வராந்தாவில் போயிருக்கிறது.

மாமா பிழைத்துவிட்டார். வலது கை எழவில்லை, வார்த்தை தேடித் தேடித்தான் வருகிறது. ஊரில் பையன்கள் எல்லாம் சேர்ந்து, இனி யாருக்கும் இப்படி ஆகக்கூடாது என்று ஆம்புலன்ஸ் வாங்கப் பணம் திரட்டுகிறார்கள். 2 லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. என் கேள்வி இதுதான். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போவது சரியா, நேராகக் கோவைக்கே போவது சரியா? ஊருக்கு ஆம்புலன்ஸ் வாங்கினால் உண்மையிலேயே பலன் இருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பனியன் கம்பெனிக்காரன்

படிக்கவே கஷ்டமாக இருக்குதுங்க. மாமா சீக்கிரம் தேறி வரட்டும். என் அனுபவத்தில் சொல்கிறேன், நடுவில் எங்கேயும் நிறுத்தவே கூடாது. திருப்பூரில் எங்கள் கம்பெனிப் பையன் ஒருவன் விழுந்து தொடை எலும்பு உடைந்தபோது நேராகக் கோவைக்கே கொண்டு போனோம், நன்றாக இருக்கிறான். பெரிய இடத்தில்தான் எல்லா டாக்டரும் இருப்பார்கள். வண்டி வாங்குவது நல்ல காரியம்தான், வாங்குங்கள். என்னால் ஆனதை நானும் தருகிறேன்.

---

கேஷுவாலிட்டி அக்கா

தம்பி, நான் அரசு மருத்துவமனையில் 26 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் 11 வருடம் கேஷுவாலிட்டி. நீங்கள் பேப்பரில் போட்ட கணக்கை இரண்டு தடவை படித்தேன். அந்தக் கணக்கை எந்த ஆஸ்பத்திரியும் போட்டு வைப்பதில்லை. நீங்கள் போட்டிருக்கிறீர்கள், பத்திரமாக வையுங்கள்.

முதலில் உங்கள் மனதில் உள்ளதுக்குப் பதில். மாமா பேசினார், அதனால் பயமில்லை என்று நினைத்தீர்கள். தலைக்காயத்தில் இது அடிக்கடி நடக்கும். அடிபட்டதும் கொஞ்ச நேரம் தெளிவாகப் பேசுவார்கள், பேர் சொல்வார்கள், வண்டி என்னாச்சு என்று கேட்பார்கள். உள்ளே ரத்தக்குழாய் கிழிந்து, மண்டை ஓட்டுக்கு அடியில் ரத்தம் சேர்ந்துகொண்டே இருக்கும். ஓடு விரிந்து கொடுக்காது, அதனால் மூளைதான் நசுங்கும். அப்போது வருகிற முதல் அறிகுறி தூக்கம். அடுத்தது வாந்தி. அப்புறம் ஒரு பக்கத்துக் கண்மணி பெரிதாகும். அத்தை போர்வை போர்த்தினார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எத்தனை அம்மாக்கள், எத்தனை மனைவிகள் அதே மாதிரி போர்த்திவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. தலையில் அடிபட்டவர் அசந்தால் தட்டி எழுப்பிப் பேர் கேட்க வேண்டும், எழவில்லை என்றால் உடனே கத்திக் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்கள் சர்ஜன் ரவுண்ட்ஸில் ஒரு கணக்குச் சொல்வார். 1981-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வு. மூளை உறைக்கு அடியில் ரத்தம் கட்டி நினைவு போனவர்களில், 4 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆனவர்களில் 100-க்கு 30 பேர் இறந்தார்கள். 4 மணி தாண்டியவர்களில் 100-க்கு 90 பேர். அதற்கப்புறம் வந்த கணக்குகளில் வித்தியாசம் இத்தனை பெரிதாக இல்லை என்றாலும், எங்கள் வார்டில் எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்ததற்கு அந்த 4 மணிதான் காரணம். உங்கள் மாமா அதைத் தாண்டியும் பிழைத்திருக்கிறார். கைக்கும் பேச்சுக்கும் பிசியோதெரபியை ஒரு நாள் கூட விடாதீர்கள். முதல் 6 மாதத்தில் வருகிற முன்னேற்றம்தான் பெரிது.

பக்கமா, பெரிசா என்று கேட்டீர்கள். அடிபட்டவருக்கு இன்றைக்கு ராத்திரி எது தேவையோ அது எங்கே நடக்குமோ அங்கே. காங்கயத்தில் இருந்து பார்த்தால் திருப்பூர் தாராபுரம் ரோட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னிமலை வழியாகப் போனால் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி. வெள்ளகோவிலுக்குக் கிழக்கே என்றால் கரூர் மருத்துவக் கல்லூரி. கோவை என்றால் திருச்சி ரோட்டில் பெரியாஸ்பத்திரி. இது தவிர தனியாரும் உண்டு. ஆனால் போர்டைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. போகும்போதே, வண்டி ஓட்டாத ஒருவர் போன் போட்டு மூன்று விஷயம் கேட்க வேண்டும்: சி.டி. ஸ்கேன் இப்போது ஓடுகிறதா, மூளை அறுவை டாக்டர் இன்றைக்கு ராத்திரி வருவாரா, வென்டிலேட்டரோடு பெட் காலி இருக்கிறதா. மூன்றில் ஒன்றுக்கு "பார்க்கலாம்" என்று இழுத்தாலும் அடுத்த நம்பருக்குப் போங்கள். உங்கள் இரண்டாவது ஆஸ்பத்திரியில் போன ஒரு மணி நேரம் இந்த ஒரு போனில் மிச்சமாகியிருக்கும்.

இந்த நம்பர்களை இப்போதே, நல்லாயிருக்கும்போதே சேகரித்து வைக்க வேண்டும். அடிபட்ட நேரத்தில் யாருக்கும் எதுவும் தேடத் தோன்றாது.

பெரிய அரசு மருத்துவமனைகளில் விபத்துக்கென்று "தாய்" என்று ஒரு பிரிவு சில வருடங்களாக நடக்கிறது. வாசலிலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். சிவப்பு என்றால் வரிசை கிடையாது, சீட்டு கிடையாது, நேராக உள்ளே. 108 வண்டியில் இருந்தே முன்கூட்டித் தகவல் போனால் ஆட்கள் ட்ராலியோடு நிற்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடிபட்டவரின் சொந்தக்காரர் ஓ.பி. சீட்டு வாங்க ஓடிக்கொண்டிருந்ததை நினைத்துப் பார்க்கிறேன். அது மாறியதை என் கண்ணால் பார்த்தேன்.

அடுத்தது பணம். முன்பணம் கட்டச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2021 டிசம்பர் 18-ல் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் தொடங்கினார்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. காப்பீட்டு அட்டை வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம், வெளிமாநிலத்துக்காரராக இருந்தாலும் உண்டு. முதலில் 1 லட்சம் வரை என்றிருந்ததை அப்புறம் 2 லட்சமாக்கினார்கள். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் நிறைய. சேர்ந்த இடத்தில் அந்த 48 மணி நேரச் சிகிச்சைக்கு முன்பணம் கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஆகவே போனில் நான்காவதாக இதையும் கேளுங்கள்: "நம்மைக் காக்கும் 48-ல உங்க ஆஸ்பத்திரி இருக்குதுங்களா?"

பனியன் கம்பெனித் தம்பிக்கு ஒரு வார்த்தை. நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். ஆனால் "நடுவில் எங்கேயும் நிறுத்தக் கூடாது" என்பதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு லாரி கிளீனர், 19 வயதுப் பையன். தாடை உடைந்து வாய்க்குள் ரத்தம். சொந்தக்காரர்கள் பெரிய இடத்துக்கே போகலாம் என்று மல்லாக்கப் படுக்க வைத்து ஒரு மணி நேரம் ஓட்டி வந்தார்கள். நான்தான் கதவைத் திறந்தேன். உதடு நீலம். ரத்தம் மூச்சுக்குழலுக்குள் இறங்கியிருந்தது. வழியில் 10 நிமிட தூரத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியைத் தாண்டி வந்திருக்கிறார்கள். அங்கே நிறுத்தியிருந்தால் ரத்தத்தை உறிஞ்சி எடுத்து, மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட்டு அனுப்பியிருப்பார்கள். அந்தப் பையனின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் மறக்கவில்லை.

மூச்சு திணறுகிறது, குறட்டை மாதிரி சத்தம் வருகிறது, வாயில் ரத்தம் நிறைகிறது, ரத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது: இந்த நிலையில் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருந்தாலும் நிறுத்துங்கள். மூச்சும் ரத்தமும் நிலைப்பட்ட அடுத்த நிமிடம் அங்கிருந்து கிளம்ப வேண்டும். ஏனென்றால் மூளையில் அடிபட்டவருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு ஒரே ஒரு முறை 90-க்குக் கீழே இறங்கினாலே சாவு ஆபத்து இரண்டு மடங்காகிறது. கோவைக்கு 20 நிமிடம் முன்னால் சேர்ந்தும் அழுத்தம் போய்விட்டிருந்தால் சர்ஜனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

மாமாவின் நிலை வேறு. அவருக்கு மூச்சு நன்றாக இருந்தது, ரத்தம் அழுத்திப் பிடித்தால் நிற்கிற ரத்தம். அவரைத் தையல் போட என்று எங்கேயும் இறக்கியிருக்க வேண்டியதே இல்லை. தலைக்காயத்தில் தையல் கடைசி வேலை. சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கட்டிக்கொண்டு நேராக ஸ்கேனும் சர்ஜனும் இருக்கிற இடத்துக்குப் போயிருக்கலாம்.

---

108 நைட் ஷிஃப்ட்

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் 108-ல் இ.எம்.டி., அதாவது வண்டிக்குள் அடிபட்டவரைக் கவனித்துக்கொள்கிற ஆள். டிரைவரை நாங்கள் பைலட் என்போம். ரோட்டில் நடப்பதைச் சொல்கிறேன்.

அண்ணா, கார் வந்ததும் ஏற்றிவிட்டீர்கள், 108-க்குக் கூப்பிடவில்லை என்று தெரிகிறது. நிறையப் பேர் அப்படித்தான். கூப்பிட்டுவிட்டு, வண்டி வர எத்தனை நிமிடம் ஆகும் என்று கேளுங்கள், சொல்வார்கள். ரத்தம் பீய்ச்சி அடிக்கிறது, வண்டி வர 25 நிமிடம் ஆகும் என்றால் காரில் ஏற்றுவதே சரி. மற்றபடி 10, 12 நிமிடம் என்றால் காத்திருங்கள். எங்களிடம் ஆக்சிஜன், கழுத்துப் பட்டை, ஸ்பைன் போர்டு, உறிஞ்சும் மெஷின் எல்லாம் இருக்கும். காரின் பின்சீட்டில் கழுத்தை மடக்கி உட்கார வைத்து, இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போனால், கழுத்தெலும்பு நகர்ந்திருந்தவருக்குக் கை கால் போய்விடும். தென்னை மரத்தில் இருந்து விழுந்தவர்களை இப்படித் தூக்கி வந்து நாங்கள் நிறையப் பார்க்கிறோம்.

இடம் சொல்லும்போது "வெள்ளகோவில் பக்கம்" என்றால் எங்களுக்குப் போதாது. கிலோமீட்டர் கல்லில் என்ன எழுதியிருக்கிறது, எந்த மில், எந்தக் கோவில், ரோட்டுக்கு எந்தப் பக்கம், இதைச் சொல்லுங்கள். உள்ளே 3 கிலோமீட்டர் என்றால் ஒரு ஆள் பைக்கில் மெயின் ரோட்டுக்கு வந்து, ஹெட்லைட் போட்டு நிற்கட்டும். ராத்திரியில் தோட்டத்துச் சாளைகளுக்குப் போகும் மண்பாதையில் நாங்கள் சுற்றுவதுதான் பெரிய நேர விரயம். சேலம்–கோவை பைபாஸில் என்றால் 1033-க்கும் போடலாம், அது நெடுஞ்சாலைக்காரர்களின் உதவி எண்.

வண்டி வரும்வரை செய்ய வேண்டியதில் முக்கியமானது ரத்தத்தை நிறுத்துவது. காயத்தின் மேலேயே துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் முழு பலத்தோடு அழுத்துங்கள். அடிக்கடி எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், துணி நனைந்தால் மேலே இன்னொன்று வையுங்கள். கை கால் நசுங்கி, அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மட்டும் காயத்துக்கு மேலே துண்டை மடித்து அகலமாக, இறுக்கமாகக் கட்டி, கட்டிய மணியை எழுதி வையுங்கள். கயிறோ ஒயரோ கட்டாதீர்கள், சதையை அறுத்துவிடும். தொடை எலும்பு உடைந்தால் வெளியே சொட்டு தெரியாமலே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் உள்ளே போய்விடும். இடுப்பெலும்பு என்றால் இன்னும் அதிகம். மேலே வண்டி ஏறி இறங்கி அடிபட்டவர் இடுப்பு வலிக்கிறது என்றால் புரட்டாமல், ஒரு வேட்டியை அகலமாக மடித்து இடுப்பு மூட்டு உயரத்தில், அதாவது வேட்டி கட்டும் இடத்துக்குக் கீழே, சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். அது உள்ளே போகும் ரத்தத்தைக் குறைக்கும்.

தண்ணீர், சோடா கொடுக்காதீர்கள். கேட்டாலும் வேண்டாம். நினைவு குறைந்தவருக்கு அது நுரையீரலுக்குப் போகும், ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கவும் இடைஞ்சல்.

ஆம்புலன்ஸ் வாங்குவது பற்றி என் அபிப்பிராயம்: வேண்டாம். வண்டி வாங்கிவிடலாம். ராத்திரி 2 மணிக்கு ஓட்ட ஆள், உள்ளே உட்காரப் பயிற்சி பெற்ற ஆள், சிலிண்டர் மாற்ற ஆள் மாதாமாதம் யார்? பயிற்சி இல்லாத வண்டி வெறும் டாக்சி. அந்தப் பணத்தை வேறு விதமாகப் போட்டால் இதைவிடப் பலன் கிடைக்கும்.

---

சோளத்தட்டு

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ரோடு விபத்து மட்டும் இல்லீங்க, நம் பக்கம் மெஷின் விபத்தும் அதே அளவு. தறி, நார் மில், கரும்புச்சாறு மெஷின், எல்லாம் கை வாங்குகிற சாமான்.

என் பெரியம்மா மூலனூர் பக்கம். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷினில் இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. ஊரில் எல்லோரும் கத்திக்கொண்டு அவரைத் தூக்கி ஏற்றினார்கள். துண்டான கை சோளத்தட்டுக்குள்ளேயே கிடந்தது. என் தங்கை நர்சிங் முதல் வருடம் படிக்கிறவள், அவள்தான் ஓடிப்போய் எடுத்தாள். கழுவித் தேய்க்கவில்லை. சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அதில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பாத்திரத்துக்குள் வைத்தாள். யாரோ நேராக ஐஸ் மேல் வைக்கச் சொன்னார்கள், விடவில்லை. ஐஸ் நேராகப் பட்டால் சதை உறைந்து செத்துவிடும், ஒட்ட முடியாது.

மணிக்கட்டு, முழங்கை மாதிரி சதை உள்ள இடம் என்றால் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும். விரல் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். கோவையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிற கங்கா மருத்துவமனை இந்த ஒட்டு அறுவைக்கு நாடு முழுக்கப் பேர் போனது. எலும்பு வெளியே வந்த காயங்களை மதிப்பிட அவர்கள் வகுத்த அளவுகோலை வெளிநாட்டு டாக்டர்களும் பயன்படுத்துகிறார்கள். நாங்கள் கிளம்பும்போதே போன் போட்டுச் சொன்னோம். பெரியம்மா இப்போது அந்தக் கையால் சொம்பு பிடிக்கிறார், விரல் முழுதாக மடங்காது.

மில் வைத்திருப்பவர்கள் எல்லாம் இந்தத் துணி, பை, ஐஸ் விஷயத்தைத் தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்த பையன்களுக்கு அவர்கள் மொழியில் எழுதி ஒட்டுங்கள். அவர்களுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட ஒரம்பரை யாரும் இங்கே இல்லை.

---

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றிங்க. அக்கா, போர்வை விஷயத்தை அத்தையிடம் படித்துக் காட்டினேன். அழுதார். அப்புறம் "இத முன்னாலயே யாராச்சும் சொல்லியிருக்கலாமே" என்றார்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு ரோட்டில் எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவரும் மாமாவைத் தொடவில்லை. கேஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டி வரும் என்று பயம். கார் நிறுத்தியவர் கூட ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, பேர் சொல்லாமல் போய்விட்டார். அவருக்கு இன்றுவரை நன்றி சொல்ல முடியவில்லை. அந்தப் பயத்துக்கு ஏதாவது பதில் உண்டா?

---

கேஷுவாலிட்டி அக்கா

உண்டு தம்பி. 2016 மார்ச் 30-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவாகச் சேர்த்துவிட்டார்கள். உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது. பேரும் விலாசமும் சொல்லச் சொல்லி போலீசோ ஆஸ்பத்திரியோ கட்டாயப்படுத்த முடியாது. தானாக விரும்பினால் மட்டும் சாட்சி. பணம் கட்டச் சொல்லி அவரைப் பிடித்து வைக்கவும் கூடாது. மோசமாக அடிபட்டவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் சேர்ப்பவருக்கு மத்திய அரசு தரும் பரிசு முன்பு 5,000 ரூபாய், 2025-ல் அதை 25,000 ஆக்கினார்கள். பரிசுக்காக யாரும் செய்ய மாட்டார்கள், தெரியும். ஆனாலும் அரசாங்கமே காசு கொடுத்துக் கூப்பிடுகிறது என்று தெரிந்தால் ஏழெட்டுப் பேரில் இரண்டு பேராவது கிட்டே வருவார்கள்.

ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். எழுதுவார்கள், விபத்துப் பதிவேடு. அது நோயாளி கூட வந்த குடும்பத்தார் சொல்வதை வைத்து எழுதுவது. அதை எழுதி முடித்தால்தான் சிகிச்சை என்று எங்காவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிகிச்சை முதலில். ஆனால் அதன் காப்பியை அப்புறம் வாங்கி வையுங்கள், இழப்பீட்டு வழக்குக்கு அதுதான் முதல் காகிதம். தட்டிவிட்டுப் போன வண்டி கிடைக்காவிட்டாலும் இழப்பீடு உண்டு. இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் நாளைக்கே போங்கள்.

ஆம்புலன்சுக்குத் திரட்டிய அந்த 2 லட்சம் பற்றி நைட் ஷிஃப்ட் தம்பி சொன்னதுதான் என் எண்ணமும். ஊருக்கு 20 பேரைத் தேர்ந்தெடுங்கள். டீக்கடைக்காரர், பஞ்சர் கடைக்காரர், பால் சொசைட்டி ஆள், மெயின் ரோட்டை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கு ஒரு நாள் முதலுதவிப் பயிற்சி. பெண்களையும் சேருங்கள், பகலில் ஊரில் இருப்பது அவர்கள்தான். ஒரு ஸ்ட்ரெச்சர், கழுத்துப் பட்டை, துணிக்கட்டுகள், மெயின் ரோட்டுத் திருப்பத்தில் ஒரு விளக்கு, ஊர்ப் பேர்ப் பலகை. செலவு 2 லட்சத்தைத் தொடாது. மீதியில் ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். மாமா மொபட்டில் போனாரே, மொபட்டுக்கும் ஹெல்மெட் வேண்டும்.

---

பனியன் கம்பெனிக்காரன்

அக்கா, நான் எழுதியது தப்பு என்று இப்போது புரிகிறது. அந்தக் கிளீனர் பையன் கதை மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் கம்பெனியில் 140 பேர். இந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து கேட்டில் ஒட்டுகிறேன். ஹெல்மெட் செலவில் பாதி என்னுடையது.

---

நொய்யல்கரை

பங்குனி கடைசியில் எழுதுகிறேன். எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று. திருப்பத்தில் விளக்குக்கு மனு கொடுத்து, அது வரும்வரை நாங்களே ஒரு சோலார் விளக்கு நட்டுவிட்டோம். ரேஷன் கடைச் சுவரில் ஆறு ஆஸ்பத்திரி நம்பர், அக்கா சொன்ன நான்கு கேள்விகள், எங்கள் திருப்பத்தின் கிலோமீட்டர் கல் எண், பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்தாயிற்று. நம்பர்களுக்கு ஒவ்வொன்றாக ராத்திரி 11 மணிக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு எடுக்கவே இல்லை, அவற்றை அழித்துவிட்டு வேறு எழுதினோம். மாதம் ஒரு முறை போட்டுப் பார்க்கும் வேலை பிளஸ் டூ படிக்கிற என் தம்பிக்கு.

மாமா நேற்று என்னை "கண்ணு" என்று கூப்பிட்டார். அதற்கு முன்னால் பத்து நாளாக "தண்ணி" மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

---

கேஷுவாலிட்டி அக்கா

சந்தோஷம் தம்பி. வலது கையை அவர் மறந்துவிட விடாதீர்கள். சாப்பிடும்போது தட்டை வலப்பக்கமாகவே வையுங்கள், கூப்பிடும்போதும் அந்தப் பக்கம் நின்று கூப்பிடுங்கள். முதல் ஸ்கேன் படத்தையும் ஆபரேஷனுக்கு அப்புறம் எடுத்ததையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள், மூன்றாம் மாதச் செக்கப்பில் இரண்டையும் கேட்பார்கள். வலிப்பு வராமல் இருக்கத் தருகிற மாத்திரையை அவர்கள் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது. அத்தையிடம் அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.